புதுப்பித்த ஆயில் எஞ்சினை முதன்முறை ஓட்டுதல்

கிணற்றுப் பாசனத்தையும் ஆற்று இறவைப் பாசனத்தையும் நம்பியுள்ள விவசாயிக்கு ஆயில் எஞ்சின் பழுதுபடுவது பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான். தண்ணீரின் தேவை மிகுந்து, யந்திரம் இரவும் பகலும் ஓடும் காலத்திலேயே அதன் தேய்மானம் வெளிப்படுகிறது. எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, புதிய லைனர், பிஸ்டன், ரிங்குகள், பேரிங்குகள் ஆகியவற்றைப் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதற்குள் கையிலிருந்த பணம் செலவாகிவிடும். வயலில் பயிரும் வாடத் தொடங்கியிருக்கும். இந்நிலையில், வண்டியிலிருந்து எஞ்சினை இறக்கியவுடனே ஹாண்டிலைச் சுற்றித் தண்ணீர் இறைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் எழுவது இயல்பே. ஆனால், புதுப்பித்த எஞ்சின்கள் பல சில நாட்களிலேயே மீண்டும் பட்டறைக்குப் போவதற்குக் காரணம் இந்த ஆத்திரமேயாகும். முதன்முறை ஓட்டுவதற்கு முன் ஒரு நாளைச் செலவிட்டுச் செய்ய வேண்டிய ஆயத்தங்களைச் செய்தால், அந்த எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கும். அந்த ஆயத்தங்கள் யாவை, அவை ஏன் அவசியமாகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு எண்ணெயால் ஓடும் எஞ்சின் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் எஞ்சினும் பம்பும் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையைப் பரப்ப முனைந்தார். பின்னர், இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட மெதுவோட்ட டீஸல் எஞ்சின் உலகெங்கும் பரவியது. நிமிஷத்திற்கு 600 சுற்றில் 5 குதிரைச் சக்தியும், பிற்கால வகையில் 650 சுற்றில் 6 குதிரைச் சக்தியும் தரும் அந்த எஞ்சினின் அமைப்பைப் பின்பற்றி, இந்தியாவில் ராஜ்கோட் முதலிய இடங்களில் எஞ்சின்கள் செய்யப்பட்டன. இரு பக்கங்களிலும் கனத்த பிளைவீலும், ஒரே ஸிலிண்டரும் கொண்ட இவ்வகை எஞ்சினை மனத்திற்கொண்டே கீழ்க்கண்ட விஷயங்கள் கூறப்படுகின்றன. வேகமாக ஓடும் சிறு டீஸல் எஞ்சின்களுக்கும் டிராக்டர் எஞ்சின்களுக்கும் இவற்றின் அடிப்படை பொருந்தும். அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுமாதலால், அளவு விஷயத்தில் அந்தந்த எஞ்சினின் கைப்புத்தகத்தையே முடிவாகக் கொள்ள வேண்டும்.

முதல் நிமிஷத்தின் முக்கியத்துவம்

ஓடும் எஞ்சினில் கிராங்க் அச்சு பேரிங்கின் உலோகத்தைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்து, அச்சை மிதக்கவைத்துத் தாங்குகிறது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். அப்பொழுது பேரிங்கின் மேற்புறத்திலிருந்த துளையை அடைத்த அடைப்பானை, உள்ளேயிருந்த எண்ணெய் தானாகவே வெளியே தள்ளிவிட்டதைக் கண்டார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று பேரிங்குக்குள் பலத்த அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது இதனால் தெரிந்தது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதன் கணிதத்தை விளக்கினார்.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, அச்சு சுழன்றால்தான் படலம் உண்டாகும். மற்றொன்று, சுழலத் தொடங்கும்போதே அங்கு எண்ணெய் இருந்தாக வேண்டும். நாள்தோறும் ஓடும் எஞ்சினில் முந்தின நாள் எண்ணெய் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றிக் கழுவிப் பூட்டிய எஞ்சினிலோ, பட்டறையில் தடவியது தவிர வேறு எண்ணெய் இராது. நிமிஷத்திற்கு 650 சுற்று என்றால் பத்து விநாடியில் கிராங்க் 100 தடவைக்கு மேல் சுற்றிவிடும். நிமிஷத்திற்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினிலோ அது 250 தடவையாகும். அத்தனை சுற்றும் உலர்ந்த உலோகத்தின்மேல் உலோகம் உராய்ந்தால், புதிய பேரிங்கின் மிருதுவான மேற்பூச்சு வழிந்துவிடும். அந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது. சில வாரங்களில் தட்டும் ஓசையாக வெளிப்படும்.

சென்ட்ரிபியூகல் பம்பை ஓட்டுமுன் உறிஞ்சுகுழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை அகற்றாமல் எந்த விவசாயியும் எஞ்சினைக் கிளப்புவதில்லை. எஞ்சினுக்கும் அதே விதிதான். மசகெண்ணெய், தண்ணீர், டீஸல் ஆகிய மூன்றும் காற்றின்றி அவையவை செல்ல வேண்டிய கடைசி இடம் வரையில் போய்ச் சேர்ந்த பின்னரே அதை ஓடவிட வேண்டும்.

சுத்தம்

லைனரின் உட்புறத்தை ஹோனிங் செய்யும்போது, சாணைக்கல்லின் மிக நுண்ணிய துகள்கள் அதன் மேற்பரப்பிலுள்ள கோடுகளுக்குள் தங்கிவிடுகின்றன. மண்ணெண்ணெயாலோ டீஸலாலோ துடைத்தால் எண்ணெய்ப் பசை மட்டும் போகும். துகள் கோடுகளிலேயே தங்கிவிடும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு, தேங்காய் நார்த் தூரிகை போன்ற விறைப்பான தூரிகையால் தேய்த்துக் கழுவுதலே சரியான முறை. கழுவிய பின் வெள்ளைத் துணியில் மசகெண்ணெய் தொட்டு உட்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் பட்டால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெளுப்பாகவே வரும்வரை இதை நிறுத்தலாகாது. கழுவிய இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், உலர்ந்தவுடனே எண்ணெய் பூசிவிடுவது அவசியம்.

கிராங்க் அச்சின் எண்ணெய்த் துளைகளைக் கம்பி விட்டுக் குடைந்து, காற்றடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று பட்டறையிலேயே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்பாகங்களைத் துடைக்கப் பஞ்சுக் கழிவை உபயோகிக்கலாகாது. அதன் நூலிழைகள் எண்ணெய்த் துளைகளை அடைத்துவிடும். எஞ்சினை வயலில் பூட்டுவதாயின், களத்தில் தூற்றும் வேலையும், தூசி பறக்கும் காற்றும் இல்லாத வேளையைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த துவாரம் ஒவ்வொன்றும் துணியாலோ மரக்கட்டையாலோ அடைபட்டிருக்க வேண்டும். அவ்வாறு வைத்த அடைப்புகளை எண்ணி வைத்துக்கொண்டு, பூட்டும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று எண்ணிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

மூடுமுன் பார்க்க வேண்டியவை

எஞ்சினைப் பூட்டுவது மெக்கானிக்கின் வேலையேயாயினும், பணம் கொடுப்பவர் அருகிருந்து பார்க்க வேண்டிய அளவுகள் சில உண்டு. ரிங்கை லைனருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பீலர் கேஜினால் அளக்க வேண்டும். ஸிலிண்டரின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு அங்குலம் என்பது பொதுவான கணக்கு. 4½ அங்குல விட்டமுள்ள ஸிலிண்டரில் இது ஆயிரத்தில் 14 முதல் 18 பங்கு அங்குலமாகும். இடைவெளி இதற்கு மிகக் குறைந்தால், சூட்டில் ரிங் நீளும்போது முனைகள் முட்டி லைனரைக் கீறிவிடும். ரிங்குகளின் முனைகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் வெவ்வேறு திசையில் இருக்க வேண்டும்.

பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் ஸிலிண்டர் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மற்றொரு முக்கியமான அளவு. மெல்லிய ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டனின்மேல் வைத்து, ஹெட்டைப் பூட்டி, பிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி நசுங்கும். நசுங்கிய கனமே அந்த இடைவெளி. அது அதிகமானால் அமுக்கம் குறைந்து எஞ்சின் கிளம்பாது. குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் மோதும்.

ஹெட்டின் நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டு போகாமல், எதிரெதிராக, மூன்று தவணையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருப்பின் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு இறுக்குதல் உத்தமம். அதன்பின் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, டிகம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, பிளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு முழுக் கிரமம் நடைபெற இரண்டு சுற்று வேண்டுமாதலால், ஒரு சுற்று போதாது. சுற்றும்போது எங்கும் ஒரே மாதிரியான இழுவை இருப்பது நல்லது. ஓரிடத்தில் மட்டும் கடினமாகத் தட்டுப்பட்டால் பலத்தை உபயோகித்துத் தாண்டாமல், காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீர்

மசகெண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே ஸிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்க் கூட்டை நிரப்பி, ஓர் இரவு முழுவதும் வைக்க வேண்டும். மறுநாட் காலையில் கிராங்க் கேஸின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து பார்த்தால், தண்ணீர் கசிந்திருப்பின் தெரிந்துவிடும். தண்ணீர் நேரே தொடும் லைனர் உள்ள எஞ்சின்களில், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் பூட்டும்போது வெட்டுப்பட்டால் இவ்வாறு கசியும். ஓர் இரவு பொறுத்து இதைக் கண்டுகொண்டால் வளையத்தின் விலையோடு போகும். ஓட்டிய பிறகு கண்டுகொண்டால், தண்ணீர் கலந்து பால்காப்பி நிறமான எண்ணெயில் பேரிங்குகளும் கெட்டிருக்கும்.

தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகவே சுற்றிவரும் அமைப்பாயின், எஞ்சினின் மேற்புறத்திலிருந்து வரும் குழாயின் வாய் தொட்டி நீர்மட்டத்திற்குக் கீழே மூழ்கியிருத்தல் வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் வெந்நீர் தொட்டியை அடையாது, சுழற்சி நின்றுவிடும். பம்பிலிருந்தே குளிர்விக்கும் நீர் வரும் அமைப்பாயின், அந்தச் சிறு குழாயில் சேறும் சுண்ணாம்புப் படிவும் அடைத்திராதபடி பார்க்க வேண்டும். தண்ணீரின்றிச் சுட்டுப்போன எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

மசகெண்ணெய்

கைப்புத்தகம் குறிப்பிடும் தரமுள்ள புதிய டீஸல் எஞ்சின் எண்ணெயையே உபயோகிக்க வேண்டும். பழைய எண்ணெயை வடிகட்டி ஊற்றுவது, புதுப்பிக்கச் செலவிட்ட பணத்தை வீணாக்குவதாகும். எண்ணெய்க் குச்சியின் மேற்குறி வரையில் ஊற்றலாம், அதைத் தாண்டலாகாது. அதிகமானால் கிராங்க் அடித்துத் தெளிக்கும் எண்ணெய் பிஸ்டனைக் கடந்து மேலேறி எரியத் தொடங்கும்.

மெதுவோட்ட எஞ்சின்கள் பலவற்றில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளத் தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளித் தெளிக்கிறது. இந்தத் தொட்டி காலியாக இருந்தால், கீழே நிறைய எண்ணெய் இருந்தும் முதற் சுற்றுகளில் பேரிங்குக்கு எதுவும் கிட்டாது. ஆகவே கிராங்க் கேஸின் கதவைத் திறந்து, தொட்டியில் கையாலேயே எண்ணெய் ஊற்ற வேண்டும். ராடின் பேரிங், கிராங்கின் இரு முனைப் பேரிங்குகள், காம் உருளைகள் ஆகியவற்றின்மேலும் எண்ணெய்க் குப்பியால் தாராளமாக விட வேண்டும். மேலே ராக்கர் அச்சுக்கும் வால்வுத் தண்டுகளுக்கும் சில துளிகள் விடுவது போதும்.

எண்ணெய்ப் பம்பு உள்ள எஞ்சின்களில் அந்தப் பம்பும் உலர்ந்திருக்கும். உலர்ந்த பம்பு உறிஞ்சாது. அதனுள்ளும் எண்ணெய் வடிகட்டியினுள்ளும் எண்ணெயை நிரப்பியே பூட்ட வேண்டும். பின்பு டீஸலை அடைத்து, டிகம்பிரஷன் லீவரைத் தூக்கிய நிலையில், ஹாண்டிலால் நிதானமாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் காட்டும் முள் அசையும்வரை, அல்லது ராக்கரில் எண்ணெய் ஊறி வரும்வரை சுற்றுவதை விடலாகாது. கை சலித்தாலும் ஆள் மாற்றிச் சுற்றுவதே தகும். ஆயத்தங்கள் அனைத்திலும் தலையாயது இதுவே.

டீஸல்

தொட்டியைக் கழற்றி, அடியில் தங்கிய தண்ணீரையும் வண்டலையும் கொட்டிக் கழுவ வேண்டும். டீஸலை ஒரு பாத்திரத்தில் தெளியவைத்து, அடர்த்தியான துணியில் வடித்து ஊற்றுதல் நலம். இன்ஜெக்டரின் துளைகள் மிக நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியாத மண்ணே அவற்றைக் கெடுக்கப் போதுமானது.

அடுத்து, காற்றை அகற்ற வேண்டும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகையும், பின் டீஸல் பம்பின் திருகையும், அவையவற்றின் வழியே குமிழியின்றி டீஸல் வழியும்வரை திறந்து மூடவேண்டும். இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்தி, ஹாண்டிலைச் சுற்றி, அங்கும் குமிழியற்ற டீஸல் வந்த பின் இறுக்க வேண்டும். இதன்பின் சுற்றினால் இன்ஜெக்டர் திறந்து மூடும் கிரீச்சென்ற ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டவுடன் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து சுற்றினால் எரியாத டீஸல் ஸிலிண்டரில் சேர்ந்து, லைனரில் பூசிய எண்ணெயைக் கழுவிவிடும்.

இன்ஜெக்டரை வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் முன் கையை நீட்டலாகாது. சதுர அங்குலத்திற்கு 1,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வெளிவரும் அந்தத் தூவல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

நிறுத்தும் வழி

எஞ்சினைக் கிளப்புமுன் அதை நிறுத்தும் வழியை உறுதி செய்துகொள்ள வேண்டும். டீஸல் பம்பின் நகர்கம்பி தடையின்றி இருபுறமும் நகர்கிறதா, கவர்னரின் வில் சரியான இடத்தில் மாட்டியுள்ளதா, நிறுத்தும் லீவர் டீஸலை முழுவதும் அடைக்கிறதா என்பவற்றைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். நகர்கம்பி இறுகிக்கொண்டால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து, பிளைவீல் உடைந்து சிதறும் அபாயம் உண்டு. ஆகையால் காற்று புகும் வாயை முழுவதும் மூடக்கூடிய ஒரு பலகைத் துண்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். டீஸலை அடைத்தும் எஞ்சின் நிற்காவிடில், பலகையால் காற்றை அடைத்தால் நின்றுவிடும். இதற்குக் கையையோ துணியையோ உபயோகிக்கலாகாது.

ஓட்டும் நாள்

முதல் ஓட்டத்திற்குக் காலை வேளையே தகுந்தது. அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சியே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாதபடி, அண்டைக் கிணற்றிலிருந்து ஒரு முறை தண்ணீர் வாங்கியாவது பயிரைக் காத்துக்கொள்வது நலம். நெருக்கடி இல்லாதவனே, சந்தேகமான ஓசை கேட்டதும் எஞ்சினை நிறுத்துவான்.

எஞ்சின் நிற்கும் இடத்தில் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்த இடங்களில் எஞ்சினைக் கிணற்றுக்குள் மேடையமைத்து இறக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. கிணற்றுக்குள் அது தங்கினால், பார்க்க இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்கி மாள்வர். புதுப்பித்த எஞ்சினை மேலே, வெட்டவெளியில் வைத்தே முதன்முறை ஓட்ட வேண்டும்.

இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் ஹாண்டிலையும், மற்றவர் டீஸல் லீவரையும் கவனிக்க வேண்டும். தோளில் துண்டோ, தொங்கும் வேட்டித் தலைப்போ இருத்தலாகாது. பெல்ட்டினால் பம்பை ஓட்டும் எஞ்சினாயின் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். பம்போடு நேரே இணைத்த எஞ்சினாயின், பம்பைத் தண்ணீரால் நிரப்பி, வெளிப்போக்கு வால்வை மூடிவைக்க வேண்டும். சென்ட்ரிபியூகல் பம்பு மூடிய வால்வில்தான் மிகக் குறைந்த சக்தியை வாங்கும். ஆனால் உள்ளிருக்கும் தண்ணீர் சூடேறுமாதலால், இவ்வாறு சில நிமிஷங்களே ஓட்டலாம்.

லீவரைத் தூக்கி, முதலில் 20 அல்லது 30 சுற்று எண்ணெய்க்காகச் சுற்றிய பின், டீஸலைத் திறந்து, வேகமாகச் சுற்றி, லீவரை விட வேண்டும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உள்ளே வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக அமுக்குவதால், அது 500 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் சூடேறி டீஸலைப் பற்றவைக்கிறது. புதிய ரிங்குகள் லைனரோடு இன்னும் பொருந்தாமையால் காற்று ஓரளவு கசியும். ஆகவே முதன்முறை கிளம்புவது சற்றுக் கடினமாகவே இருக்கும். அதற்காகக் காற்று வாயில் பெட்ரோல் ஊற்றுவதும், தீப்பந்தம் காட்டுவதும் கூடாது. கூட்டிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், ஸிலிண்டர் சூடேறி எஞ்சின் எளிதில் கிளம்பும்.

ஓசையும் புகையும்

கிளம்பியவுடன் பார்க்க வேண்டியது எண்ணெய் காட்டும் முள்ளையே. சில விநாடிகளில் அது எண்ணெய் காட்டாவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும். சற்று நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருத்தல் தவறு. எண்ணெய் வருமாயின், ஓசையைக் கேட்க வேண்டும். சீரான வெடிப்போடு வால்வுகளின் மெல்லிய தட்டல் இருப்பது இயல்பு. அடியிலிருந்து வரும் கனத்த தட்டலும், உலோகம் கீறும் ஓசையும் ஆபத்தின் அறிகுறிகள்.

தடவிய எண்ணெய் எரியும்வரை முதற் சில நிமிஷங்களில் நீலப்புகை வருவது இயற்கை. நீலப்புகை நீடித்தால், எண்ணெய் அதிகமாக ஊற்றப்பட்டிருக்கலாம். ரிங்குகளும் சரியாக அமையாமலிருக்கலாம். வெண்புகை எரியாத டீஸலையோ, உட்புகும் தண்ணீரையோ காட்டும். கரும்புகை டீஸல் மிகுதியையோ, காற்றுக் குறைவையோ, சுமை மிகுதியையோ குறிக்கும்.

ஐந்து நிமிஷத்திற்குப் பின் எஞ்சினை நிறுத்தி, உள்ளிருக்கும் எண்ணெய் ஆவி அடங்குமாறு சற்று ஆறவிட்டு, கிராங்க் கேஸின் கதவைத் திறந்து பேரிங்குகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அங்கு எண்ணெய் போகவில்லை அல்லது பேரிங் இறுக்கமாக உள்ளது என்று பொருள். எண்ணெய், டீஸல், தண்ணீர் ஆகியவற்றின் கசிவையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளலாம்.

சுமை ஏற்றுதல்

புதிய எஞ்சினைச் சுமையின்றி நாள் முழுவதும் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். ரிங்கை லைனரோடு அழுத்துவது அதன் வில் தன்மை மட்டுமன்று. ஸிலிண்டரில் எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. சுமையில்லாதபோது இந்த அழுத்தம் மிகக் குறைவு. அதனால் ரிங் பொருந்தாமல், லைனரின் கோடுகளுக்குள் எண்ணெய் கருகிக் கண்ணாடிபோற் படிந்துவிடும். அதன் பின்னர் அந்த எஞ்சின் எண்ணெய் குடிப்பதை நிறுத்த மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர வழியில்லை.

முதல் நாளே முழுச் சுமை ஏற்றுவதும் அதேபோல் தவறு. பொருந்தாத பரப்புகளின் மேடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே நடுவழியே தகும். சோதனைகள் முடிந்தபின், சுமையின்றிச் சில நிமிஷம் ஓட்டிச் சூடேறியவுடன் பம்பை இணைத்து, வெளிப்போக்கு வால்வைப் பாதி திறந்து இறைக்கலாம். முதல் பத்து மணி நேரம் வரையில் பாதிச் சுமைக்கும் முக்கால் சுமைக்கும் இடையில், சற்று மாற்றி மாற்றி ஓட்டுதல் நன்று. பிறகு படிப்படியாக முழுச் சுமைக்குப் போகலாம். கைப்புத்தகம் வேறு கணக்குக் கூறினால் அதன்படியே நடக்க வேண்டும்.

முதல் ஐம்பது மணி நேரம்

முதல் நாள் ஓட்டம் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறிய பின், ஹெட்டின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய கேஸ்கெட் சூட்டில் அமுங்குவதால் அவை தளர்ந்திருக்கும். நட்டுகளை இறுக்கினால் வால்வு இடைவெளி மாறும். ஆதலின் அதையும் உடனே மறுபடி சரிசெய்ய வேண்டும். இவ்விரண்டையும் விட்டுவிடுவதனால் கேஸ்கெட் எரிந்துபோன எஞ்சின்கள் அநேகம்.

பொருந்தும்போது தேயும் உலோகத் துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. ஆகையால் முதல் எண்ணெயை வழக்கமான காலம் வரை வைத்திராமல், கைப்புத்தகம் வேறு கூறாவிடில் 20 அல்லது 25 மணி நேரத்திலேயே, எஞ்சின் சூடாயிருக்கும்போது வடித்துவிட வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பார்த்தால் எஞ்சினின் நிலை விளங்கும். நுண்ணிய சாம்பல் நிறத் துகள் சிறிதிருப்பது இயற்கை. காந்தத்தில் ஒட்டும் பெரிய துண்டுகள் இரும்பு உடைவதைக் காட்டும். மஞ்சள் மினுமினுப்பு வெண்கலப் புஷ் தேய்வதையும், மிருதுவான வெண்தகடு பேரிங்கின் உலோகம் உரிவதையும் காட்டும். புதிய எண்ணெய் ஊற்றி 50 மணி நேரம் ஓடியபின் அதையும் ஒரு முறை மாற்றிவிட்டால், பின்னர் வழக்கமான கால அளவையே கைக்கொள்ளலாம்.

எஞ்சின் அருகே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தொங்கவிடுவது மிகுந்த பிரயோஜனமுள்ளது. எந்தத் தேதியில் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு டீஸல் செலவாயிற்று, எண்ணெய் எவ்வளவு குறைந்தது, எப்பொழுது மாற்றப்பட்டது என்பவற்றை நாள்தோறும் ஒரு வரியில் குறித்துவந்தால், தேய்மானம் தொடங்குவதை ஓசை வெளிவரும் முன்பே கணக்குக் காட்டிவிடும். முதல் மாதத்தில் எண்ணெய்ச் செலவு குறைந்துகொண்டே வந்து ஓரளவில் நிலைப்பது, ரிங்குகள் நன்கு பொருந்திவிட்டதற்கு அடையாளம்.

மேற்கூறியவற்றில் அதிகச் செலவு பிடிக்கக்கூடியது எதுவுமில்லை. வேண்டியவை சவர்க்காரமும் வெந்நீரும், ஒரு துண்டு ஈயக் கம்பி, ஒரு பலகை, இரண்டு தடவை கூடுதலாக மாற்றும் எண்ணெய், ஓர் இரவுப் பொறுமை ஆகியவையே. விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தாமல் நல்ல விதையைத் தூவுபவர் இல்லை. அதுபோலவே, நல்ல சாமான்கள் போட்டுப் புதுப்பித்த எஞ்சினை ஆயத்தமின்றி ஓட்டுவதும் தகாது. எண்ணெய் பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே டீஸலைத் திறப்பது என்ற ஒரு விதியையேனும் விவசாயிகள் தவறாது கடைப்பிடிப்பார்களாயின், அடுத்த கோடையிலும் அந்த எஞ்சின் பயிருக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.